80-ல் சீல் வைத்த ஸ்பீடு கவர்னர், ஜிபிஎஸ்-ல் 85 காட்டுகிறது: எஃப்.சி.க்கு முன் என்ன பார்ப்பது?

வேன்_20சீட்

வணக்கம். 2016 மாடல் வேன், 20 சீட், ஒப்பந்த ஊர்தி பெர்மிட். பிஎஸ்-3 (புகை மாசுத் தரம்) இன்ஜின், மெக்கானிக்கல் பம்ப், கேபிள் ஸ்பீடாமீட்டர். வாங்கும்போதே டீலர் மாட்டிக் கொடுத்த ஸ்பீடு கவர்னர் (செட் செய்த வேகத்தைத் தாண்டவிடாத கருவி), டீசல் லைனைச் சுருக்குகிற வகை. சர்டிஃபிகேட்டில் செட் ஸ்பீடு 80. அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று ஆய்வு).

முன்பு 7.50-16 டயர் ஓடியது. இப்போது ஆறும் 8.25-16. அதன் பிறகு முள் 80-ஐத் தொட்டதும் கவர்னர் சரியாகப் பிடிக்கிறது, ஆனால் போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தால் 85, 86 வருகிறது. எது உண்மை?

இன்னொன்று, 80-ஐ நெருங்கும்போது வண்டி முன்னும் பின்னும் உதறுகிறது. சீட்டில் இருப்பவர்கள் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடுகிறார்கள். கவர்னரே கெட்டுவிட்டதா, டீசல் லைனில் கோளாறா?

பள்ளிக்கூட டிரிப் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு 80 போதுமா, 60 ஆக்க வேண்டுமா? டிரைவர் "ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம், எஃப்.சி. அன்றைக்கு மாட்டிக்கலாம்" என்கிறார். அதில் எனக்கு விருப்பமில்லை, சட்டப்படி என்ன ஆகும் என்று தெரிந்தால் அவருக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.

---

டீசல்_பம்ப்

ஜிபிஎஸ்தான் உண்மை. உங்கள் முள் பொய் சொல்கிறது, முள்ளை நம்பி கவர்னரும் ஏமாறுகிறது.

கவர்னருக்கு வேகம் என்று எதுவும் தெரியாது. கேபிள் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை எண்ணுகிறது, அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை சுற்று என்று 7.50 டயரை வைத்து அதற்குள் எழுதியிருக்கிறார்கள். 7.50-16 டயரின் விட்டம் சுமார் 805 மி.மீ., 8.25-16 சுமார் 860. கிட்டத்தட்ட 7 சதவீதம் பெரிசு. அதே கிலோமீட்டருக்குக் கேபிள் 7 சதவீதம் குறைவாகச் சுற்றும். 80-ஐ 1.07-ஆல் பெருக்குங்கள், 85.6. போனில் பார்த்ததும் அதேதான்.

பொதுவாக ஸ்பீடாமீட்டர் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்வார்கள், குறைத்துக் காட்டவே கூடாது. உங்கள் வண்டியில் இப்போது தலைகீழ். ரேடாரில் சிக்கினால் "முள் 80-தான் காட்டியது" என்று சொல்லிப் பயனில்லை.

சரிசெய்ய மூன்று வழி.

முதலாவது, பழைய அளவு டயருக்கே திரும்புவது. எஃப்.சி. பக்கம் இருக்கும்போது இதுதான் தலைவலி இல்லாதது. 7.50-க்கு வழக்கமான ரிம் 6.00ஜி, 8.25-க்கு 6.50எச். பழைய ரிம்மிலேயே 8.25 ஏற்றியிருந்தால் பின்னால் ஜோடி டயருக்கு நடுவில் இடைவெளி எவ்வளவு இருக்கிறது என்று லோடு ஏற்றி நிறுத்திப் பாருங்கள். அடிப்பக்கம் தரையில் பட்டு உப்பும் இடத்தில் ஒன்றையொன்று உரசினால், கவர்னரை விடுங்கள், சைடுவால் கிழிந்து நடுரோட்டில் நிற்பீர்கள்.

இரண்டாவது, கியர்பாக்ஸில் ஸ்பீடாமீட்டர் பினியனை மாற்றுவது. கேபிள் அடியில் சொருகியிருக்கும் சின்னப் பல்சக்கரம். பல் குறைந்தால் கேபிள் வேகமாகச் சுற்றும். உதாரணமாக 17 பல் இருந்து 16 பல் போட்டால் 6.25 சதவீதம் கூடும், உங்கள் வித்தியாசத்துக்கு ரொம்பப் பக்கம். ஆனால் கவர்னரின் சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கேபிள் வழியில் டி-வடிவ அடாப்டராக மாட்டியிருந்தால், பினியன் மாற்றியதும் முள்ளும் கவர்னரும் சேர்ந்தே சரியாகிவிடும், கவர்னரை மறுபடி செட் செய்ய வேண்டாம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் காந்தம் வைத்து எண்ணுகிற வகை என்றால் முள் மட்டும்தான் சரியாகும், கவர்னர் பழைய கணக்கிலேயே 85-ல் பிடிக்கும்.

மூன்றாவது, கவர்னரை மட்டும் மறுபடி கேலிபரேட் செய்வது, அதாவது இப்போதைய டயருக்கு ஏற்ப அதன் கணக்கை மாற்றி எழுதுவது. அதைத் தயாரித்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர்தான் சீலை உடைத்து மறுபடி சீல் வைக்க முடியும், புதிய சீல் எண்ணோடு சர்டிஃபிகேட்டும் வாங்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கவர்னர் சரியாக 80-ல் பிடிக்கும், முள்ளோ 75-ல் நிற்கும். டிரைவர் வந்து "75-லேயே அமுக்குது" என்று சண்டை போடுவார்.

எந்த வழி போனாலும் முதலில் உருட்டி அளந்துகொள்ளுங்கள். காற்று சரியான அளவில், ஓரளவு லோடோடு, பின் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு நேராக ஐந்து சுற்று உருட்டுங்கள். தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை டேப்பில் அளந்து ஐந்தால் வகுத்தால் அதுதான் உங்கள் சுற்றளவு. 8.25-க்கு 2.6 மீட்டர் சுமாருக்கு வரும். டயர் கம்பெனிப் புத்தகத்தில் இருப்பது லோடு இல்லாத விட்டம், அதை வைத்துக் கேலிபரேட் செய்தால் இரண்டு மூன்று சதவீதம் தவறும். தேய்ந்த டயரில் அளந்து செட் செய்துவிட்டுப் புது டயர் மாட்டினாலும் இதே கதைதான்: 13 மி.மீ. ரப்பர் தேய்ந்தால் விட்டத்தில் 26 மி.மீ. போகிறது.

உதறலுக்கு இரவு எழுதுகிறேன்.

---

ஃபார்ம்38

சட்டப் பக்கம் நான் சொல்கிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 118. 2015 ஏப்ரல் 15 அறிவிப்பில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. 1-10-2015 அன்றும் அதற்குப் பிறகும் தயாரான போக்குவரத்து வாகனங்களுக்கு, தயாரிப்பாளரோ டீலரோ வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டித்தான் கொடுக்க வேண்டும், அதிகபட்சம் 80 கி.மீ. டம்பர், டேங்கர், பள்ளிப் பேருந்து, அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு 60. அந்தத் தேதிக்கு முந்தைய வண்டிகளில் எவற்றுக்கு மாட்ட வேண்டும் என்று அறிவிக்கும் பொறுப்பு மாநில அரசுகளிடம் விடப்பட்டது. இரு சக்கரம், மூன்று சக்கரம், குவாட்ரிசைக்கிள், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், காவல்துறை வண்டி இவற்றுக்கு விலக்கு. வண்டியின் உச்ச வேகமே 80-ஐத் தாண்டாது என்று விதி 126-ல் உள்ள சோதனை நிலையம் சான்று தந்திருந்தாலும் விலக்கு. உங்கள் வண்டி 2016, ஆகவே நேரடியாக விதிக்குள்.

பள்ளி டிரிப்: ஆர்.சி.யிலும் பெர்மிட்டிலும் வண்டி எந்த வகை என்று இருக்கிறதோ அதுதான் செட் ஸ்பீடைத் தீர்மானிக்கும். ஒப்பந்த ஊர்தியாக இருக்கும் வரை 80. கல்வி நிறுவனப் பேருந்தாக மாற்றினால் 60, கருவியை மறுபடி செட் செய்து சர்டிஃபிகேட்டிலும் 60 என்று வர வேண்டும். அதோடு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று 2012 சிறப்பு விதிகள் தனியே உண்டு. அவசர வழி, உதவியாளர், முதலுதவிப் பெட்டி என்று அது தனிப் பட்டியல். கவர்னரை மட்டும் 60 ஆக்கிவிட்டால் வேன் பள்ளி வண்டி ஆகிவிடாது.

ஃபியூஸ் விஷயம். விதி கேட்பது வேலை செய்கிற கருவி, பெட்டி மாட்டியிருப்பது மட்டும் அல்ல. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4): ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். அதிவேகத்துக்கு 183: இலகு வாகனம் என்றால் 1,000 முதல் 2,000, நடுத்தர, கனரக வாகனம் என்றால் 2,000 முதல் 4,000. மறுமுறை சிக்கினால் லைசென்ஸ் முடக்கம். டிரைவரை வேகமாகப் போகச் சொல்லும் முதலாளிக்கும் அதே தண்டனை, 183(2). "டிரைவர்தான் பிடுங்கினார்" என்று ஓனர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

எஃப்.சி.க்குக் காகிதம். சர்டிஃபிகேட்டில் பார்க்க வேண்டியவை: பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண், கருவியின் வரிசை எண், சீல் எண், செட் ஸ்பீடு, டைப் அப்ரூவல் (சோதனை நிலையம் மாடலுக்குத் தரும் ஒப்புதல்) எண், மாட்டிய தேதி. டைப் அப்ரூவல் ஏஐஎஸ்-018 தரத்துக்கு, அந்தக் கருவிக்கும் உங்கள் வண்டி மாடலுக்கும் சேர்த்து இருக்க வேண்டும். கொடுப்பவை புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட் போன்ற நிலையங்கள். கருவி நல்லதாக இருந்தும் வண்டி திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: சேஸிஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருக்கும், அல்லது பெட்டியில் இருக்கிற வரிசை எண் ஒன்று, வாகன் (அரசின் ஆன்லைன் வாகனப் பதிவேடு) பதிவில் ஏறியது வேறொன்று. டார்ச் அடித்துப் பெட்டி ஸ்டிக்கரைப் படித்து, காகிதத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் டீசல் பட்டு அழிந்திருந்தால் துடைத்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு 8 வருஷம் தாண்டிவிட்டதால் எஃப்.சி. இனி வருஷா வருஷம். அதற்குள் டயர் அளவு பிரச்சினையை ஒரேயடியாகத் தீர்த்துவிடுவது நல்லது. ஆர்.சி. அளவுக்கு மாறான டயர் தானே ஒரு கேள்வி.

வண்டியைத் தேடி இருப்பிடம் காட்டும் ஏஐஎஸ்-140 கருவி வேறு, இது வேறு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

---

டீசல்_பம்ப்

உதறல். இதற்கு நாலைந்து காரணம் உண்டு, எளியதிலிருந்து போங்கள்.

கேபிள். முள் 50, 60-லேயே நடுங்குகிறதா? நடுங்கினால் கவர்னருக்குப் போகும் கணக்கும் நடுங்குகிறது. ஒரு நொடி 82 என்று நினைத்து டீசலைச் சுருக்கும், அடுத்த நொடி 76 என்று திறக்கும். கேபிளைக் கழற்றி உள் கம்பியை இழுத்துப் பாருங்கள். இரண்டு முனையும் சதுரமாக இருக்க வேண்டும், மூலை மழுங்கி உருண்டையாகி இருந்தால் கேபிளையே மாற்றுங்கள். உள்ளே கிரீஸ் காய்ந்திருந்தாலும் கம்பி முறுக்கேறி விட்டுவிட்டுச் சுற்றும். கேபிள் போகும் பாதையில் கூர்மையான வளைவு கூடாது. டி-அடாப்டர் டேஷ்போர்டு பக்கம் இருந்தால் கேபிளின் ஆட்டம் முழுவதும் அதற்குப் போய்ச் சேரும், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது மேல்.

டீசல் லைனில் காற்று. கவர்னர் வால்வை லைனில் சேர்க்கும்போது இரண்டு மூன்று புது இணைப்பு வருகிறது. பேஞ்சோ போல்ட்டின் (டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷரை ஒருமுறை இறுக்கிக் கழற்றினால் மறுபடி அதையே போடக் கூடாது, புதுசு போடுங்கள். பம்புக்கு முன்னால் ஓர் அடி ஒளி ஊடுருவும் ஹோஸ் வைத்து இன்ஜினை ஓட விட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெளியே டீசல் கசியவில்லை என்பதால் காற்று நுழையவில்லை என்று அர்த்தமல்ல. அந்த இடம் உறிஞ்சும் பக்கமாக இருந்தால் சொட்டாது, காற்றை மட்டும் இழுக்கும்.

ஃபில்டர். அரை அடைப்பில் இருக்கும் ஃபில்டர் சாதாரண ஓட்டத்தில் தெரியாது. கவர்னரும் சேர்ந்து சுருக்கும்போது பம்புக்கு டீசல் சுத்தமாகப் போதாமல் இன்ஜின் விழுந்து விழுந்து எழும்பும். 80-ல் வரும் உதறலைக் கவர்னர் தலையில் போடுவதற்கு முன் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் வால்வே காரணம். முழுசாகத் திறப்பது, முழுசாக மூடுவது என்று இரண்டே நிலை உள்ள சோலினாய்டு (மின்காந்த) வால்வு இப்படித்தான் நடந்துகொள்ளும். ஸ்டெப்பர் மோட்டார் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. ரோட்டரி பம்ப் என்றால் இது சுகக்குறைவு மட்டுமில்லை: அந்த பம்புக்கு உள்ளே மசகு டீசல்தான். நிமிஷத்துக்குப் பத்து தடவை டீசல் பட்டினியில் சுழன்றால் ரோட்டர் ஹெட் கீறிப்போகும். இன்லைன் பம்ப்பில் கேம்ஷாஃப்ட்டுக்கு இன்ஜின் ஆயில் போகிறது, கொஞ்சம் தாங்கும். ஆனால் பிளஞ்சருக்கு அங்கேயும் டீசல்தான்.

---

வேன்_20சீட்

நன்றி. ஐந்து சுற்றுக்கு 13 மீட்டர் 10 செ.மீ. வந்தது, அதாவது 2.62. சென்சார் கேபிளில்தான் இருக்கிறது, கியர்பாக்ஸ் பக்கம். கேபிள் முனை ஒரு பக்கம் மழுங்கியிருந்தது, புதுசு போட்டதும் முக்கால்வாசி உதறல் போய்விட்டது. ஃபில்டர் நாளைக்கு. பின் ஜோடி டயர் இடைவெளியில் விரல் நுழையச் சிரமப்படுகிறது, அதனால் 7.50-க்கே திரும்புகிறேன்.

இன்னொரு சந்தேகம்: உறவுக்காரர் ஒருவரின் பிஎஸ்-6 மஞ்சள் போர்டு காரில் பெட்டி எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் 80-க்கு மேல் போக மறுக்கிறது. வெளியே ஒருவர் "தனியாக கவர்னர் மாட்டினால்தான் எஃப்.சி." என்கிறாராம்.

---

ஹால்_சென்சார்

பெட்டி இல்லாததுதான் சரி. அந்தக் கார்களில் இசியூ-க்குள்ளேயே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) 80 என்று கம்பெனி எழுதி அனுப்புகிறது. வண்டியின் டைப் அப்ரூவலிலேயே அது அடங்கிவிடும். டீலரிடம் அதற்கான சான்று வாங்கி வாகன் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதன் மேல் இன்னொரு பெட்டி மாட்டுவது வேலியில் போகும் ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது மாதிரி.

ஏன் என்றால், இந்த வண்டிகளில் ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார் தடம். பெரும்பாலான வண்டிகளில் ஒன்றின் வோல்ட்டேஜ் மற்றதைப் போல இரண்டு மடங்கு: ஒன்று 1.5 வோல்ட் என்றால் மற்றது 0.75. வெளிப் பெட்டி நடுவில் உட்கார்ந்து, 80 வந்ததும் "பெடலைப் பாதிதான் மிதித்தார்" என்று இசியூ-விடம் பொய் சொல்லும். அந்தப் பொய்யை இரண்டு தடத்திலும் ஒரே விகிதத்தில் சொல்ல வேண்டும். ஒரு எர்த் வயர் லூஸ், ஒரு பின்னில் பச்சை பூத்திருந்தது என்றால் விகிதம் தவறும். உடனே செக் இன்ஜின் விளக்கு, பி2138 பிழை, வண்டி லிம்ப் மோடுக்கு (சக்தி குறைந்து மெதுவாக மட்டும் ஓடும் நிலை) போய்விடும். ஓவர்டேக் நடுவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிஎஸ்-4 காமன் ரெயில் வண்டியில் இந்த வகைப் பெட்டி ஏற்கனவே இருந்து பிரச்சினை வந்தால்: வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்களா பாருங்கள். ஒரிஜினல் கப்ளரோடு கப்ளர் சேரும் ஹார்னஸ்தான் போட வேண்டும். எர்த் பாடியில் ஏதோ ஒரு போல்ட்டில் இல்லாமல் இசியூ எர்த் வரும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் ஸ்பீடாமீட்டர் வண்டிக்குப் பல்ஸ் கணக்கு இப்படி. சுற்றளவு 3.2 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்குச் சக்கரம் 312.5 சுற்று. ஆக்ஸில் விகிதம் 5 என்றால் ஷாஃப்ட் 1,562.5 சுற்று. சென்சார் சுற்றுக்கு 8 பல்ஸ் என்றால் கிலோமீட்டருக்கு 12,500. 60 கி.மீ. வேகத்தில் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர், ஆக 12,500-ஐ 60-ஆல் வகுத்தால் 208 ஹெர்ட்ஸ். 80-ல் 278. அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டரை சென்சார் லைனில் வைத்து, ஜிபிஎஸ்-ல் 60 நிலையாக ஓட்டினால் 208 வர வேண்டும். 190 வந்தால் டயரோ கிரவுன் பினியனோ (ஆக்ஸில் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடி) மாறியிருக்கிறது. 208 வந்தும் கவர்னர் 74-ல் பிடித்தால் அதற்குள் எழுதிய எண் தப்பு. கிரவுன் பினியன் மாற்றிய வண்டியில் கவர்னரைக் கேலிபரேட் செய்ய யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

---

நைட்_சர்வீஸ்

டிரைவரிடம் சொல்ல இரண்டு விஷயம், ஃபியூஸைப் பிடுங்கும் ஆசை அங்கேதான் பிறக்கிறது.

ஓவர்டேக். 80-ல் பிடிக்கும் பஸ், 70-ல் போகும் லாரியை முந்துகிறது என்று வையுங்கள். இரண்டும் 12 மீட்டர், முன்னும் பின்னும் 20, 20 விட்டால் மொத்தம் 64 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். வேக வித்தியாசம் 10 கி.மீ., அதாவது நொடிக்கு 2.78 மீட்டர். 23 நொடி. அதற்குள் பஸ் 500 மீட்டருக்கு மேல் போயிருக்கும். எதிரே 80-ல் ஒருவர் வந்தால் அவரும் அவ்வளவு தூரம் வந்திருப்பார். ஆக, இருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டர் காலியாகத் தெரியாமல் வலப்பக்கம் ஏறவே கூடாது. லாரி 60-ல் போனால் இந்தக் கணக்கு பாதியாகக் குறையும். "கவர்னர் இருப்பதால்தான் ஓவர்டேக் ஆபத்து" என்பார்கள். 70-ல் போகிறவரை முந்தி எத்தனை நிமிஷம் மிச்சம் என்று கேளுங்கள்.

இறக்கம். கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்தாது. மலை இறக்கத்தில் லோடே தள்ளி 80-ஐத் தாண்டிவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அது. கவர்னர் பார்த்துக்கொள்ளும் என்று டாப் கியரில் இறங்கினால் டிரம் சூடாகி அடிவாரத்தில் பெடல் உள்ளே போய்விடும்.

---

ஃபார்ம்38

மேலே இருப்பதோடு ஒன்று சேர்க்கிறேன். 80-ல் சீல் வைத்தால் எல்லாச் சாலையிலும் 80 போகலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கருவியின் எண் வேறு, சாலையின் எண் வேறு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பில் பேருந்து வகைக்கு எக்ஸ்பிரஸ் சாலையில் 100, நான்கு வழிச் சாலையில் 90, நகராட்சி எல்லையிலும் மற்ற சாலைகளிலும் 60 என்று இருந்தது. அந்த அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. அதில் 100, 90 என்று எழுதியிருந்த காலத்திலும் கருவி 80-லேயேதான் இருந்தது, 60 என்ற சாலையில் 75-ல் போனவருக்கு 80 சீல் கைகொடுக்கவும் இல்லை. பலகையில் 50 என்றால் 50.

வேன் நண்பருக்கு: 7.50 மாட்டிய பிறகு ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை ஓட்டிவிட்டு எஃப்.சி.க்குப் போங்கள். புது கேபிள் போட்டவர் டி-அடாப்டரின் சீல் கம்பியை அறுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அறுந்திருந்தால் கருவி எவ்வளவு சரியாக வேலை செய்தாலும் ஆய்வாளர் கண்ணுக்கு அது திறந்த கருவிதான். அங்கீகார முகவரிடம் மறுபடி சீல் வைத்து, அந்த எண்ணைச் சர்டிஃபிகேட்டில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

---

வேன்_20சீட்

பார்த்தேன், அறுந்துதான் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் வேலை அதுதான்.